சாளக்கிராமத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போன நாள்

எனக்குப் பொறுமை கிடையாது. கல்யாணமான முதல் வாரத்திலேயே என் மாமனார் அதைக் கண்டுபிடித்துவிட்டார். காப்பி ஆறும்வரைகூடக் காத்திருக்க மாட்டேன். நாக்கைச் சுட்டுக்கொண்டு எல்லோரையும் முறைப்பேன். அந்த அவசரப் புத்தி ஒருநாள் அவர் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் விலங்கியல் டீச்சர். கணவருக்குச் சென்னையில் வேலை. விடியற்காலை கிளம்பினால் இருட்டித்தான் திரும்புவார். செல்போன் எங்கள் வீட்டுக்குள் இன்னும் நுழையாத காலம்.

வீட்டுப் பூஜை அலமாரியை நாங்கள் கோயிலாழ்வார் என்போம். அதில் ஒரு வெள்ளிப் பெட்டிக்குள் ஆறு சாளக்கிராமங்கள். கண்டகி நதியில் கிடைக்கும் கறுப்புக் கற்கள். மற்றவர்களுக்குத்தான் கல், மாமனாருக்குப் பெருமாளே அதுதான். தினமும் நீராட்டி, சமைத்ததை முதலில் அங்கே காட்டிவிட்டுத்தான் அவர் வாயில் எதுவும் போடுவார். பெண்கள் தொடக்கூடாது. ஆறில் ஒன்றுக்கு மட்டும் வாய் பிளந்து, உள்ளே வரிவரியாகச் சக்கரம் தெரியும். அதை முதல்முறை எட்டிப் பார்த்தபோதே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அம்மோனைட். இமயமலை இருக்கும் இடம் கடலாக இருந்தபோது நீந்திய பிராணி. எட்டு வருஷம் அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் சுருள் சங்கு மாதிரி ஒரு நாட்டிலஸ் ஓடு இருந்தது. நாட்டிலஸ் அம்மோனைட்டுக்கு உறவு. டைனோசர்களோடு அம்மோனைட் கூட்டம் அடியோடு போய்விட்டது. நாட்டிலஸ் மட்டும் ஆழ்கடலில் ஒதுங்கிப் பிழைத்துக்கொண்டது. பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டுமென்று எனக்கு வெறி. அரியலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மோனைட் கல் கொண்டுவருவதாகச் சொன்னவர் கடைசி நிமிஷத்தில் கையை விரித்துவிட்டார்.

மாமனார் விடிந்ததும் கோயில் பாராயணத்துக்குப் போனால் பத்தரைக்குத்தான் வருவார். குளித்து, பதினோரு மணிக்குப் பூஜை. நான் ஏழு மணிக்கு எடுத்துக்கொண்டு போய், முதல் பாடவேளையில் காட்டிவிட்டு, இடைவேளையில் ஆட்டோ பிடித்து வந்து வைத்துவிட்டால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. எடுத்தேன். கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நான் மறந்தது ஒன்றே ஒன்று. முந்தின நாள் ஏகாதசி. அன்று எங்கள் வீட்டில் அரிசி கிடையாது. ராத்திரி எனக்கு ரவா உப்புமாதான் கிடைத்தது. தட்டில் உப்புமாவைப் பார்த்தும், எதற்கு உப்புமா என்று கேட்க என் மூளை வேலை செய்யவில்லை. அட்டையில் டைனோசர் ஒட்டிக்கொண்டே தின்றேன். ஏகாதசி முழுக்க மாமனார் பட்டினி இருப்பார். மறுநாள் துவாதசியன்று பாராயணத்தைப் பாதியில் விட்டு வந்து, ஏழரைக்கே பூஜையில் உட்கார்ந்து முடித்து, அகத்திக்கீரையும் சுண்டைக்காயும் நெல்லிக்காயும் போட்டுச் சாப்பிட்டுவிடுவார். அவருக்குச் சர்க்கரை. பூஜைக்கு உட்காருமுன் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார்; பூஜை முடிந்ததும் சாப்பிட்டால் சரியாக இருக்கும், சாப்பாடு தள்ளிப்போனால் ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும்.

மேஜையருகில் நிற்கப்போகும் பெண்களுக்கு நான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். நாட்டிலஸ் முட்டை பொரிய ஒரு வருஷம், குஞ்சு வளர்ந்து ஆளாகப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும், அதற்குள் ஓட்டுக்காகப் பிடித்துவிடுகிறார்கள், இப்போது அதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது என்றெல்லாம் முழங்கினேன். ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"மிஸ், அப்போ இந்த ஓடு நம்ம ஸ்கூலுக்கு எப்படி வந்துச்சு?"

"அதெல்லாம் சட்டத்துக்கு முன்னாடி, யாரோ பீச் கடையில வாங்கினது. நீ சொல்லவேண்டியதை மட்டும் சொல்லு" என்று கடித்தேன். அப்போது பியூன் வந்து, வீட்டிலிருந்து போன் என்றார். தலைமையாசிரியை அறைக்கு ஓடினேன். மணி எட்டே முக்கால்.

மாமியாரின் குரல் கம்மியிருந்தது. "பெட்டில சாளக்கிராமம் ஒண்ணு கொறையறதுடீ. ஊசி போட்டுண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஆத்தையே தலைகீழாப் பொரட்டியாச்சு. பெருமாள் பட்டினியா இருக்கறச்சே நான் சாப்பிடறதாங்கறார். வேர்த்துக் கொட்டறது. எனக்கு பயமா இருக்கு."

"சக்கரையைக் கரைச்சு வாயில விடுங்கோம்மா!"

"பல்லைக் கடிச்சுண்டு உக்காந்திருக்கார்டீ!"

அப்போதே சொல்லியிருக்கலாம். நான்தான் எடுத்தேன், பத்திரமாக இருக்கிறது, அவரைச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று மூன்று வார்த்தை. எதிரில் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். "இதோ வரேன்" என்று வைத்துவிட்டேன். பயம்தான், வேறென்ன? ஊருக்கெல்லாம் நாக்கை நீட்டுகிற நான், வேண்டிய நேரத்தில் அதைச் சுருட்டிக்கொண்டேன். இன்றுவரை அதற்காக என்னை நான் மன்னிக்கவில்லை.

கல்லைப் புடவைத் தலைப்பில் சுற்றி ஆட்டோவில் ஏறினேன். பட்டுக் கடைகள் இருக்கும் தெருவில் வண்டி நின்றுவிட்டது. முகூர்த்த மாதம், வெளியூர்க் கார்கள் வழியை அடைத்து நின்றன.

"இன்னா மா பண்றது, நடு ரோட்டுல வண்டிய போட்டுக்கினு புடவ எடுக்கப் போயிட்டாங்க" என்றார் ஆட்டோக்காரர். நான் தலையை வெளியே நீட்டி, முன்னால் நின்ற காரைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "கைல இன்னாமா அது, அவ்ளோ கெட்டியா புட்ச்சிக்கினு இருக்கீங்க?"

"பெருமாள்" என்றேன். "இவர் போய்ச் சேரலைன்னா ஒரு உயிர் போயிடும்பா."

 அவர் வண்டியைப் பின்னால் எடுத்து ஒரு சந்துக்குள் விட்டார். காயப்போட்டிருந்த பட்டு நூல் முகத்தில் உரச, யார் யாரோ கத்த, எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

மாமனார் கோயிலாழ்வாருக்கு எதிரே சுவரில் சாய்ந்திருந்தார். வேர்வையில் நெற்றித் திருமண் கரைந்து மூக்கில் வழிந்தது. கண் எங்கேயோ நிலைத்திருந்தது. பக்கத்தில் சர்க்கரைக் கிண்ணத்தோடு மாமியார்.

"அப்பா, நான்தான் எடுத்துண்டு போனேன். இதோ இருக்கார்."

கையை நீட்டினார். கொடுத்தேன். விரல்கள் பிடிக்கவில்லை, கல் நழுவி அவர் மடியில் விழுந்தது. "பெருமாளுக்கு இன்னும் பூஜை ஆகலையே" என்று குழறினார். அதற்கு மேல் நாக்கு புரளவில்லை.

பூஜை செய்ய வேறு ஆண்பிள்ளை வீட்டில் இல்லை. அவர் மடியிலிருந்து கல்லை எடுத்தேன். தாம்பாளத்தில் வைத்துச் சொம்பு நீரைக் கவிழ்த்தேன். பாலில் கைநிறையச் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி எதிரே வைத்தேன். மந்திரம் ஒன்றும் தெரியாது. "பெருமாளே, சட்டுன்னு சாப்பிடுங்கோ, நேரமில்லை!" என்று கத்தினேன். மாமியார் ஒரு கணம் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு மணியை எடுத்து ஆட்டினார்.

மணிச் சத்தம் கேட்டதும் மாமனாரின் உதடு பிரிந்தது. ஒவ்வொரு கரண்டியாக ஊட்டினோம். கால் மணி நேரம் கழித்து, "ஏன் இவ்வளவு தித்திப்பு?" என்றார். நான் அழுதுவிட்டேன்.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை, நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அதை எதுக்கு எடுத்துண்டு போனே? திட்டறதுக்காகக் கேக்கலை. சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னேன். கடல், மலை, சக்கரத்துக்குள் குடியிருந்த பிராணி, பிழைத்துக்கொண்ட உறவு. 

"அந்த ஒறவு இப்பவும் உசிரோட இருக்கா?"

"இருக்குப்பா. கொறைஞ்சுண்டே வரது. ஓட்டுக்காகப் பிடிச்சுடறா."

"உன் ஸ்கூல்ல இருக்கறது?"

"அதுவும் அப்படி வந்ததுதான்."

அவர் கோயிலாழ்வார் பக்கம் கையைக் காட்டினார். "நீ சொல்றபடி எப்பவோ போய்ச் சேர்ந்ததை ஒரு வேளை பட்டினி போட்டுட்டோமேன்னு எனக்குத் தொண்டைல ஒண்ணும் எறங்கலை. நீங்க உசிரோட இருந்ததைக் கொன்னு கண்ணாடிப் பெட்டில வெச்சுண்டிருக்கேள். உங்களுக்கெல்லாம் எப்படிம்மா சாதம் எறங்கறது?"

  சமையலறையிலிருந்து மாமியார் சாப்பிடக் கூப்பிட்டார். போய் உட்கார்ந்து, சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தேன்.