சுவருக்கு அந்தப் பக்கம் வந்த கேள்வித்தாள்

என் மனைவி மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த சமயத்தில், அவளுடைய கம்ப்யூட்டரில் இருந்ததை வழித்தெடுத்துவிட்டு, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். அவளுடைய கோப்புகளை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்தேன். அந்த அளவுக்கு உயிராசை இருந்தது. திரும்பி வந்தவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்:

"நான் உங்க புஸ்தக அலமாரியத் தொட்டிருக்கனா?"

தொட்டதில்லை. தூசு தட்டக்கூடத் தொட்டதில்லை. அது வேறு விஷயம்.

பரிகாரமாக நான் ஒரு வாக்குறுதி கொடுத்தேன். ஹாலில் என் கம்ப்யூட்டரோடு இருக்கும் பிரிண்டரை, உள்ளறையில் அவள் கம்ப்யூட்டரிலிருந்தே இயக்கலாம். ஒயர் வேண்டாம், பென் டிரைவ் வேண்டாம், முக்கியமாக நான் வேண்டாம் என்றேன். கடைசிச் சலுகையில் அவள் முகம் லேசாக மலர்ந்தது.

அவளுக்கு அந்தப் பிரிண்டர் உண்மையாகவே தேவைப்பட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். மாதிரித் தேர்வுக்கான கேள்வித்தாளை மார்க்கெட்டில் ஒரு கடையில்தான் நகலெடுப்போம். முந்தைய தேர்வில் நகலெடுத்து வந்த பிறகு ஒரு கணக்கில் பிழை இருப்பது தெரிந்து, ஒவ்வொரு தாளிலும் பேனாவால் ஓர் எண்ணை மாற்றினாள். திருத்த உட்கார்ந்தால், பாதிப் பேர் மாற்றாத பழைய எண்ணுக்குச் சரியான விடை எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் தொண்ணூறுக்கு மேல்.

அன்றைக்கு அவள் கோபப்படவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, "யாருக்கு என்ன தெரியும்னே எனக்குத் தெரியலைங்க. மார்ச்ல போய் உக்காந்தா யாரு பாஸாவாங்க, யாரு ஆவமாட்டாங்க?" என்றாள். கேள்வித்தாள் எந்த வழியாக வெளியே போனது என்று அவள் விசாரிக்கவில்லை. இனி வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, அவ்வளவுதான்.

அந்தப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

சுரங்க நகரியத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் இரட்டை வீடு. நடுவே ஒரு சுவர். அந்தப் பக்கம் சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்ப்பவரின் குடும்பம். முத்தாண்டிக்குப்பத்துக்காரர்கள். அவர்கள் மகளும் டியூஷனில் இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே வைஃபை; இன்டர்நெட் லைன் எங்களுடையது, பில்லில் பாதி அவர்களுடையது. நகரியத்தில் ஒரு வழக்கம் உண்டு: போனஸ் வந்ததும் பிளாக்கில் ஒருவர் எதை வாங்குகிறாரோ அதையே எல்லோரும் வாங்குவோம். அந்த வருஷம் நான் பிரிண்டர் வாங்கினேன். பக்கத்து வீட்டிலும் அதே கடையில், அதே மாடல், அதே கறுப்பு நிறம். அவர்கள் கம்ப்யூட்டருக்கும் நானே லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். பிரிண்டரைப் பகிர்வது எப்படி என்று அங்கேதான் ஒத்திகை பார்த்தேன். பார்த்துவிட்டு, 'பகிர்' என்ற கட்டத்தில் போட்ட டிக்கை எடுக்காமல் வந்துவிட்டேன்.

பிறகு எங்கள் வீட்டில் வேலையைத் தொடங்கினேன். மனைவியின் கம்ப்யூட்டரில் 'பிரிண்டரைச் சேர்' என்பதை அழுத்தியதும் ஒரே பெயரில் இரண்டு பிரிண்டர்களைக் காட்டியது.

"ஏன் ரெண்டு காட்டுது?" என்றாள்.

"லினக்ஸ்ல அப்படித்தான். தாராளம்" என்றேன். முதலில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தேன். முதலில் இருப்பது என்னுடையதாகத்தான் இருக்கும் என்று ஏன் நினைத்தேன் என்பதற்கு என் குணத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

டெஸ்ட் பேஜ் அனுப்பினேன். எங்கள் பிரிண்டர் அசையவில்லை. திரையோ, அச்சிட்டு முடிந்தது என்றது. மறுபடி அனுப்பினேன். முடிந்தது என்றது. கம்ப்யூட்டர் பொய் சொல்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். இணைய மன்றங்களில் தேடினேன். ஓர் ஆசாமி கறுப்புத் திரையில் மூன்று வரி தட்டச் சொல்லியிருந்தான். இன்னொருவன் அதைத் தட்டியவர்களுக்காக அனுதாபம் தெரிவித்திருந்தான். நான் இருவர் பேச்சையும் கேட்டேன். ஒரு வாரம் ஆபீஸிலிருந்து வந்ததும் காபிகூடக் குடிக்காமல் டெஸ்ட் பேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

வெளியே தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு வாட்டிய வருஷங்கள் அவை. பண்ருட்டிப் பக்கம் பகலில் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. அனல்மின் நிலையம் பக்கத்திலேயே இருந்ததால் நகரியத்தில் கரண்ட் போனதே கிடையாது. அதனால் எங்களுக்கு ஸ்விட்சைப் போடத் தெரியும், அணைக்கத் தெரியாது. ஒவ்வொரு வீட்டிலும் எல்லா மெஷினும் ராப்பகலாகப் பச்சை விளக்கோடு விழித்திருக்கும். வேறு எந்த ஊராக இருந்தாலும் பக்கத்து வீட்டு பிரிண்டர் அணைந்திருக்கும். என் தவறு அன்றே தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை, சேர்த்ததை எல்லாம் நீக்கிவிட்டு மறுபடி முதல் பெயரையே சேர்த்தேன். திரையில் பச்சை டிக் வந்தது. "ரெடி" என்றேன். இன்னொரு டெஸ்ட் பேஜ் அனுப்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை காலை மனைவி உள்ளறையில் உட்கார்ந்து மறுநாள் தேர்வுக்கான கேள்வித்தாளை அச்சுக்குக் கொடுத்தாள். ஹாலில் நான் பிரிண்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"வருதா?"

"யோசிக்குது."

"இன்னொரு தரம் குடுக்கவா?"

"குடு. பயப்படாம குடு."

கொடுத்தாள். சற்று நேரத்தில் வாசலில் குரல் கேட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு கட்டுக் காகிதத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"டீச்சர், இது உங்களுதான்னு பாருங்க. எங்க வூட்டு மெஷினு வுடாம துப்பிக்கினே இருந்திச்சி. பேப்பர் தீந்த பெறவுதான் நின்னுச்சி."

மனைவி கட்டை வாங்கிப் பார்த்தாள். "பொண்ணு பாத்தாளா?"

"அவதான டீச்சர் வரிசையா அடுக்கிக் குடுத்தா!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "இந்த வாரம் பூரா கலர் கலரா கோடு போட்ட பேப்பரா வந்துக்கினு இருந்திச்சே, அதுவும் உங்களுதா சார்? நல்லா இருக்குதேன்னு பாத்திர ஷெல்ஃபுல விரிச்சிட்டேன்."

"ஏன் சொல்லலீங்க?" என்றேன்.

"சார் ஏதோ செஞ்சிக்கினு இருக்கார்னு நெனச்சோம். பெரியவங்க செய்யறத எப்புடிக் கேக்கறது?"

அவர் போனதும் மனைவி சொன்னாள்: "கடையில குடுத்தா ஒருத்தன் மூலமா வெளிய போவும். உங்க லினக்ஸ் நேரா பிள்ளைங்க கையிலயே குடுக்குது. நடுவுல ஆளே இல்ல."

சுவருக்கு அந்தப் பக்கம் போய் டிக்கை எடுத்தேன். எங்கள் பிரிண்டருக்கு வேறு பெயர் வைத்தேன். மனைவி மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டுப் புதுக் கேள்வித்தாள் எழுதினாள். அதை அச்சுக்குக் கொடுத்தபோது நான் ஹாலில் நிற்கவில்லை, கொல்லைப்பக்கம் போய்விட்டேன். உள்ளே கர்ரென்று ஒரு சத்தம். பிறகு காகிதம் விழும் சத்தம். பிறகு மனைவியின் குரல்: "ஏங்க! வருதுங்க! நம்ம வூட்டுலதாங்க வருது!" அத்தனை வருஷ இல்லறத்தில் நான் செய்த எதற்கும் அந்தக் குரல் கிடைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு நடந்தது. அடுக்கும்போதே ஒன்றை எடுத்துவைத்து, முதல் நாள் பூராவும் அந்தப் பழைய தாளை வரி விடாமல் போட்டுப் பார்த்திருந்த பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அவ்வளவு கணக்கும் வேஸ்ட்டா டீச்சர்?" என்றாள்.

"அத்தனையும் நீயாப் போட்டியா?"

"ஆமா."

"பெறவு எப்புடிடி வேஸ்ட்டு?"

மதிப்பெண்கள் மோசம். மனைவி அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். முதல்தடவையாக யாருக்கு வடிவியல் வராது, யாருக்குப் பெருக்கலே தகராறு என்று அவளுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பயிற்சித்தாள் உள்ளறையில் தயாராகி ஹாலில் அச்சாகத் தொடங்கியது. பெருக்கல் தகராறுக்காரன் இரண்டு வாரத்தில் ஒரு முழுக் கணக்கைப் பிழையில்லாமல் போட்டான். அந்தத் தாளை அவள் எனக்குக் காட்டினாள். மார்ச்சைப் பற்றி அவள் பயந்து பேசுவது நின்றது.

இந்த நிலையில், பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெருக்கல் பையனுடைய அப்பா என்னைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரை ஓரம் கட்டினார். நன்றி சொல்லப்போகிறார் என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"சார், டீச்சருக்கு நீங்கதான் ஏதோ புது மெஷின் செட் பண்ணிக் குடுத்தீங்களாமே?"

"ஆமாம், சும்மா வீட்டு உபயோகத்துக்கு..."

"அதக் கொஞ்சம் பாருங்க சார். அது வந்ததுலேர்ந்து பையன் மார்க்கு பாதியாயிடுச்சி."