முத்துக்கனி மதினி வீட்டுக் கொம்பு

முத்துக்கனி மதினி எனக்கு ரத்த சொந்தம் இல்லை. மில்லர்புரத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. இருபத்திரண்டு வருசமாக ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு இருந்ததில் மதினி ஆகிவிட்டார்கள்.

மதினிக்குச் சொந்த ஊர் ஏரல். பத்தொன்பது வயதில் வன்னியபெருமாள் அண்ணனைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தபோது கழுத்தில் நகை குறைவு. மாமியார் அதையே சொல்லிச் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் மதினியின் டிரங்குப் பெட்டியில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கொம்புத் துண்டு இருந்தது. மான் கொம்பு, கல்லில் உரசிப் பூசினால் எந்த வீக்கமும் வற்றிவிடும் என்று சொல்லி அம்மா கொடுத்துவிட்டது. வந்த மூன்றாம் மாதம் எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து தாடை உப்பிப்போயிற்று. மதினி எலுமிச்சைச் சாறு விட்டு உரசிப் பூசினார்கள். நாலாம் நாள் பிள்ளை பள்ளிக்கூடம் போனது. அதோடு மாமியார் வாய் அடங்கிவிட்டது. வீட்டுக்கும் ‘மான் கொம்பு வீடு’ என்று பேர் வந்துவிட்டது.

பேர் வந்த பிறகு மதினி வாசலைத் தாண்ட முடியவில்லை. கண்கட்டி, பால்கட்டு, முட்டு வீக்கம் என்று காலையில் பல் தேய்க்கும் முன்னாலேயே ஆள் வந்து நிற்கும். கூடப்பிறந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஏரலுக்குப் போனவர்கள் பந்தி முடிந்த கையோடு பஸ் ஏறி வந்துவிட்டார்கள். சஷ்டிக்கு ஆறு நாளும் திருச்செந்தூரில் தங்கி விரதம் இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. ஒவ்வொரு வருசமும் நான் கூப்பிடுவேன். அண்ணன் குறுக்கே விழுவார்.

“நீ போயிட்டா வாரவங்களுக்கு யாருளா உரசுவா?”

“நீங்க உரசுங்களேன்.”

“என் கை ராசி உனக்குத் தெரியாதா? சும்மா இருக்க வீக்கமும் கூடிரும்.”

மதினி சிரிப்பார்கள். பிறகு என்னிடம் தனியாக, “நான் வெளிய போகணும்னா ஊருக்கே உடம்பு சரியா இருக்கணும், தாயி. முருகனும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கான்” என்பார்கள்.

போன வருசம் தை மாதம் மூன்றாம் வீட்டு ஷெர்லின் மதினி கொம்பு உரசுவதைப் போனில் படம் பிடித்தாள். காலேஜ் படிக்கிற பிள்ளை, நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். மதினி கொம்பைத் தூக்கிக் காட்டி, “இது மான் கொம்பு, எங்க அம்மா குடுத்தது” என்று சொல்வது எல்லார் போனுக்கும் போயிற்று. ஒன்பதாம் நாள் வனத்துறை ஜீப் வந்து வாசலில் நின்றது.

அண்ணனும் நானும் கூடப் போனோம். காலை பத்து மணியிலிருந்து மதினி வனத்துறை அலுவலகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் கொம்பு, ஒரு பிளாஸ்டிக் பைக்குள். ரேஞ்சர் சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார்.

“மான் கொம்பு வீட்டுல வச்சிருக்கக் கூடாதும்மா. காட்டுல தானா விழுந்து கிடந்ததை எடுத்து வச்சாலும் கேஸ்தான். ஜெயில் வரைக்கும் போகும்.”

அவர் எழுந்து போனதும் அண்ணன் குனிந்து, “ஏளா, எருமைக் கொம்புன்னு சொல்லிரு” என்றார்.

“மான் கொம்ப எப்படி எருமைக் கொம்புன்னு சொல்லுவேன்?”

“வாயாலதான்.”

“எங்க அம்மா பொய்யா சொன்னா?”

“உங்க அம்மா மேல போயிட்டா. நீ உள்ள போயிருவ.”

மதினி முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்கள். வாசலில் ஒரு காவலர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கந்தனை நினைத்து, அவன் பேரை மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். மத்தியானம் வாங்கி வந்த சாப்பாட்டுப் பொட்டலத்தை மதினி பிரிக்கவே இல்லை.

மூன்று மணிக்குக் கால்நடை டாக்டர் வந்தார். பேர் பெவின். கொம்பைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு மதினிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

“புள்ளிமானுக்கு முளைக்கிறது எலும்பும்மா. கிளை விட்டு வளரும், விழும், மறுபடி முளைக்கும். அறுத்தா நடுவுல பஞ்சு மாதிரி பொடிப்பொடியா ஓட்டை இருக்கும். மாடு, ஆடு, எருமைக்கெல்லாம் அப்படி இல்ல. உள்ள எலும்பு, அதுக்கு மேல உறை. நம்ம நகம் மாதிரிதான் அந்த உறை. அது விழாது, கிளையும் விடாது.”

“வல்லநாட்டு மலை மானு?” என்றார் அண்ணன், பெரிய ஆள் மாதிரி.

“அது வெளிமான். அதுக்கும் உறைதான், ஆனா முறுக்கிக்கிட்டு வளையம் வளையமா இருக்கும். இதுல அது இல்ல.”

கொம்பின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு சில்லு அறுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஓட்டை இல்லை. ஏடு ஏடாக இருந்தது. ஒரு ஊசியைப் பழுக்கக் காய்ச்சி அதன்மேல் வைத்தார். ஊசி மெல்ல உள்ளே இறங்கியது. அறை முழுக்க மயிர் கருகும் நாற்றம்.

“எருமைக் கொம்போட நுனி” என்றார். “நுனியில உள்எலும்பு இல்லாம கெட்டியா இருக்கும், அதான் உங்களுக்கு வித்தியாசம் தெரியல.”

அண்ணன் தொடையில் தட்டிக்கொண்டார். “நான் காலையிலேயே சொன்னேன்லா?”

மதினி டாக்டரையே பார்த்தார்கள். “அப்ப சுகமானதெல்லாம், ஐயா?”

“பொன்னுக்கு வீங்கி, கண்கட்டி எல்லாம் பெரும்பாலும் சில நாள்ல தன்னால வத்தும்மா.”

முப்பத்தொன்பது வருசம். மதினி முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ரேஞ்சர் ஒரு தாளை நீட்டினார். ‘என்னிடம் இருப்பது எருமைக் கொம்பு. மான் கொம்பு என்று தவறாகச் சொல்லிவிட்டேன். இனி அப்படிச் சொல்ல மாட்டேன்.’ கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம். மதினி அதை எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தார்கள். பேனாவை வாங்கி, கீழே வைத்து, மறுபடி எடுத்தார்கள். போடாவிட்டால் அன்றைக்கு அங்கேயே இருக்க வேண்டியதுதான். போட்டார்கள். ரேஞ்சர் கொம்பைப் பையோடு திருப்பிக் கொடுத்தார்.

ஆட்டோவில் வரும்போது ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார்கள். “நாளையிலேருந்து எல்லாருகிட்டயும் உள்ளதச் சொல்லிருவேன். இந்த வருசம் சஷ்டிக்கு உங்கூட வாரேன்.” முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. நானும் அதை நம்பினேன்.

மறுநாள் விடிந்ததும் மேலத்தெரு பானுப்ரியா கைப்பிள்ளையோடு வந்தாள். பிள்ளைக்குக் கண்கட்டி.

“இது எருமைக் கொம்பு, தாயி” என்றார்கள் மதினி. “டாக்டரே அறுத்துப் பாத்துச் சொல்லிட்டாரு. நீ பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.”

பானுப்ரியா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். “புத்திசாலி அக்கா நீங்க. ஆபீசரையே ஏமாத்திட்டு வந்துட்டீங்களே.”

“ஏமாத்தலளா. சத்தியமா எருமைதான்.”

“அப்படித்தான் சொல்லணும். வெளிய ஒரு வார்த்தை விட மாட்டேன். எங்க தெருவுலயும் சொல்லி வச்சிருக்கேன், யாரு கேட்டாலும் எருமைன்னுதான் சொல்லுவோம்.”

அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். எல்லார் முகத்திலும் ஒரே மாதிரி ஒரு கள்ளச் சிரிப்பு. ஒருத்தி, “எருமைக் கொம்பு வீடு இதுதானே?” என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மதினி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதது.

அண்ணன் உள்ளே இருந்து குரல் கொடுத்தார். “ஏளா, வந்தவங்கள எம்புட்டு நேரம் நிறுத்தி வைப்ப?”

மதினி கல்லை எடுக்க உள்ளே போனார்கள்.