அறுபது கண்ணாடி

காளீஸ்வரி அக்கா பி.எச்டி.க்குப் பதிவு செய்தபோது அவள் மகள் ஆறாம் வகுப்பில் இருந்தாள். மகள் காலேஜுக்கே போய்விட்டாள். அக்கா நாலாம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. ராஜபாளையத்தில் நாங்கள் இருவரும் பாடம் நடத்தும் நர்சிங் கல்லூரியில் அவளை ‘டாக்டரம்மா’ என்று கேலி செய்து, அந்தக் கேலியும் சலித்துப் போய் நிறுத்திவிட்டார்கள். எட்டாம் வருடம் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. எனக்கும் போயிற்று, பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து சீட்டு நான்தான்.

ஆய்வு, சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பற்றியது. நோய் முற்றினால் காலில் உணர்ச்சி குறையும். முள் குத்தினாலும் தெரியாது. புண்ணாகி, கடைசியில் விரலை எடுக்கும் வரை போய்விடும். தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இதை வன்னியம்பட்டியில் அறுபது பேருக்குச் சொல்லித் தர வேண்டும். வ. புதுப்பட்டியில் இன்னொரு அறுபது பேரிடம் மூன்று மாதத்துக்கு வாயே திறக்கக் கூடாது. அவர்களுக்குக் ‘கன்ட்ரோல் குரூப்’ என்று பெயர். பிறகு இரண்டு ஊர்க் கால்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அவர்களுக்கும் சொல்லித் தரலாம். ஒரு ஊர்ப் பேச்சு இன்னொரு ஊருக்குப் போகாது, இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று அக்கா பெருமையாக எழுதி வைத்திருந்தாள்.

வன்னியம்பட்டிக்காரர்களுக்குக் கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வளையல் கடையில் ரோஸ் கலர் கண்ணாடி அறுபது வாங்கினோம். பையைச் சுமந்தவள் நான். ஆய்வேட்டின் நன்றியுரையில் என் பெயர் கூகுளுக்கும் அடுத்துத்தான் வருகிறது.

புதுப்பட்டியில் முதல் நாளே மாடத்தி வந்து காலை நீட்டினாள். களையெடுக்கப் போகிறவள். குதிகால் வெடிப்புக்குள் வயல் மண் அப்படியே இருந்தது. புண் என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். இது இன்னும் புண்ணாகவில்லை. அக்கா வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு ஃபாரத்தில் டிக் அடித்தாள்.

“தெரிஞ்சும் சொல்லாம வாரேன்டி. நானெல்லாம் ஒரு நர்சா?” என்று பஸ்ஸில் வைத்து அழுதாள். நான் இருவருக்கும் டிக்கெட் எடுத்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் வன்னியம்பட்டிக் கால்கள் அருமையாக இருந்தன. புதுப்பட்டிக் கால்களும் அதே அளவு அருமையாக இருந்தன. மாடத்தியின் வெடிப்பு மூடியிருந்தது. அவளுடைய சுருக்குப் பையிலிருந்து ரோஸ் கலர் கண்ணாடி ஒன்று எட்டிப் பார்த்தது.

“இது ஏது ஒனக்கு?” என்றாள் அக்கா.

“புரட்டாசிச் சனிக்கெழம நம்ம வில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் போனோம்லா, அங்கன வச்சு எங்க மயினி குடுத்தா, எங்க வீட்டுக்காரரு அக்கா. அவ வன்னியம்பட்டில வாக்கப்பட்டவ. பெருமாளப் பாக்கச் செருப்போட போவ முடியுமா? வெறுங்காலோட ஏறி எறங்கிட்டு, கீழ ஒக்காந்து கண்ணாடில உள்ளங்காலப் பாத்துக்கிட்டு இருந்தா. என்ன மயினி, காலுக்குப் பொட்டு வைக்கியளான்னு கேட்டேன். பொறவு அம்புட்டையும் சொல்லிக் குடுத்தா. நாலு சனிக்கெழமையும் எங்க வேன்ல வந்த அம்புட்டுப் பேருக்கும் அதே பாடந்தான்.”

நான் சிரிப்பை அடக்க வெளியே ஓடினேன். இரண்டு ஊரும் காலங்காலமாகப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஊர்கள். தொடர்பே இல்லை என்று எழுதிய காளீஸ்வரி அக்கா பிறந்தது புதுப்பட்டி, வாக்கப்பட்டது வன்னியம்பட்டி. வருடம் தவறாமல் அதே மலைக்குப் போகிறவள், அந்த வருடம் மட்டும் ஆய்வு இருக்கிறதென்று போகவில்லை.

இரண்டு ஊருக்கும் வித்தியாசமே இல்லையென்றால் பட்டம் கிடைப்பது சந்தேகம். புள்ளிவிவரம் பார்த்துக் கொடுக்கிற பிரேம்குமார் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினான்.

“ஒண்ணும் பதறாதிய மேடம். புதுப்பட்டில ஒரு பதினஞ்சு பேருக்குப் புண்ணுன்னு மாத்திருவோம். ரிசல்ட் ஜம்முன்னு வந்துரும்.”

மாற்ற வேண்டிய பட்டியலில் அக்கா விரலை ஓட்டினாள். மாடத்தியின் எண்ணில் விரல் நின்றது.

“ஆறிப்போன காலுல நான் புண்ணு வைக்கவா? எந்திரிடி, போவோம்.”

உள்ளதை உள்ளபடி எழுதினாள். மயினி, வேன், நாலு சனிக்கிழமை எல்லாம் ஐந்தாம் அத்தியாயத்தில் ஏறின. ஆய்வுக்கு வழிகாட்டியான கைடு மேடம் அதைப் படித்துவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டார். கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்தோம்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரம்மா அந்த அத்தியாயத்தை விரித்து வைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“முதல் சனிக்கிழமையே இது உங்களுக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?”

வேறு ஊரைத் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று சொல்ல வேண்டும். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து அந்தப் பதிலை வாயசைத்தே காட்டினேன். அக்கா என்னைப் பார்த்தாள். எட்டு வருடமும் அந்த ஒரு பதிலில் நின்றது.

“இன்னும் அறுபது கண்ணாடி வாங்கியிருப்பேன், மேடம்.”

கைடு மேடம் தலையில் கை வைத்தார். தேர்வாளரம்மா பேனாவைத் திறந்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.