பதினொரு வட்டங்கள்

என் புராணப் புத்தகத்துக்குள் மஞ்சளாகிப்போன ஒரு தாள் இருக்கிறது. முப்பது கட்டங்கள். ஒவ்வொன்றிலும் என் கையொப்பம். எல்லாம் ஒரே பேனையால் ஒரே இருப்பில் போட்டவை. சில கட்டங்களின் மூலையில் பென்சிலால் சின்ன வட்டங்கள். அவை என் மூத்த மகள் போட்டவை.

அவள் முதலாம் வகுப்பில் இருந்த காலம். ஒரு மாதம் முழுக்க, படுக்கப் போகமுன் பிள்ளையோடு ஒரு புத்தகம் வாசித்து, அன்றைய கட்டத்தில் பெற்றோர் ஒப்பமிட வேண்டும் என்று ஆசிரியை அந்தத் தாளைக் கொடுத்துவிட்டிருந்தார். மனைவி நோஞ்சான் கைக்குழந்தையோடு மாரடித்துக்கொண்டிருந்ததால் அது என் பொறுப்பாயிற்று. எனக்கோ விடியப்புறம் ஒரு கந்தோரில் மேசையும் தரையும் துடைக்கும் துப்புரவு வேலை, பிறகு ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஓர் உணவகக் குசினியில் பாத்திரம் கழுவும் வேலை. ரயில் பிடித்து, நாங்கள் குடியிருந்த புறநகரான லா கூர்னெவ் வந்து நாலாம் மாடி ஏறும்போது முழங்கால் இரண்டும் என்னுடையவை போலவே இருக்காது. அதே மாதம் ஒரு நேர்த்தியும் வைத்திருந்தேன்: கைக்குழந்தையின் சுகத்துக்காக, வேலைக்குப் போகமுன் நாளுக்கு ஒரு படலம் புராணம் வாசிப்பதென்று.

முதல் நாளே சிக்கல். புத்தகம் பிரெஞ்சில்; நான் கற்றது வேலைத்தலத்துப் பிரெஞ்சு. எழுத்துக் கூட்டி வாசிக்க மூச்சு வாங்கும். எங்கள் கோயில்களில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் அதன் பொருளை விளக்கிப் பயன் சொல்வது வழக்கம். அந்த முறையையே வைத்துக்கொண்டேன். அவள் தட்டுத்தடுமாறி ஒரு வரி வாசிப்பாள். நான் படத்தைப் பார்த்துத் தமிழில் பயன் சொல்வேன். நித்திரை வராத கரடி ஒன்றின் கதை வந்தது. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு படுத்தால் நித்திரை தானாக வரும் என்றேன். அவள் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "கரடிக்கு நெத்தியெல்லாம் மயிரப்பா. எங்கை பூசுறது?" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் தொட்டிலில் கிடந்தது எழும்பிவிட்டது.

அந்தச் சிரிப்பு நாலைந்து நாளைக்குத்தான். பிறகு பெரும்பாலான நாட்களில் இரண்டாம் பக்கம் வரமுன்னரே என் கண் சொருகிவிடும். தாளில் ஒப்பமிட ஒருநாளும் நினைவு வரவில்லை. ஆசிரியை பிள்ளையை ஏதும் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை வேலையால் வந்த கையோடு, போன நாட்களுக்கும் வரப்போகும் நாட்களுக்கும் சேர்த்து முப்பது கட்டத்திலும் போட்டுத் தள்ளினேன்.

அவள் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இண்டைக்குச் செவ்வாய்தானே அப்பா. ஞாயிற்றுக்கிழமைக்கும் வாசிச்சிட்டமோ?"

"எல்லாம் ஒண்டுதான் பிள்ளை. கொண்டுபோய் பையுக்கை வை" என்றேன். வைத்தாள்.

மாத முடிவில், ஆசிரியை ஒட்டிவிட்ட தங்க நட்சத்திரத்தோடு தாள் திரும்பி வந்தது. அப்போதுதான் வட்டங்களைக் கண்டேன். இதென்ன என்று கேட்டேன்.

"அது நீங்கள் முழிச்சிருந்த நாள்" என்றாள். குரலில் குற்றம் எதுவும் இல்லை. நட்சத்திரத்தைத்தான் தடவிக்கொண்டிருந்தாள்.

எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. புராணத்தையோ முப்பது நாளும் தவறாமல் வாசித்திருந்தேன். சுவாமிக்கு முன்னால் கண் சொருகினால் எழும்பிப்போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து இருந்தவன் நான். பிள்ளையின் கட்டிலடியில் அந்தத் தண்ணீர் எனக்கு நினைவு வரவில்லையே. அன்று விளக்கேற்றும்போது சுவாமியின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

இப்போது அவள் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறாள். போன ஞாயிறு பின்னேரம் வேலை முடிந்து நேரே இங்கே வந்தவள், சப்பாத்தைக் கழற்றவும் தெம்பில்லாமல் சோபாவில் சாய்ந்தாள். நான் புராணத்தை விரித்து வைத்திருந்தேன். "வாசியுங்கோ அப்பா, நான் பயன் சொல்லுறன்" என்றாள் பகிடியாக. இரண்டு பாட்டு வாசித்தேன். பயன் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், வாய் திறந்தபடி நல்ல நித்திரை. சப்பாத்தை மெல்லக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்திருந்து, மிச்சப் படலத்தையும் அவளுக்குக் கேட்கும் அளவில் வாசித்து முடித்தேன். இன்றைக்கும் நான் களைத்த மனிதன்தான். ஆனாலும் கண் சொருகவில்லை.

பிறகு அந்தத் தாளை எடுத்தேன். கட்டங்கள் முடிந்த இடத்துக்குக் கீழே, பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன்.