சுருள் விளக்கு அணையும் வரை

சாவியைப் பாதி திருப்பி நிறுத்திவிட்டு அண்ணி பின்னால் பார்க்கிறார். டாஷ்போர்டில் பேனா ஸ்பிரிங் போல ஒரு சின்னச் சுருள் மஞ்சளாக எரிகிறது. டீசல் எஞ்சின் உள்ளே சூடேறிக்கொண்டிருக்கிறது, பொறு என்று அதற்குப் பொருள். குளிர்ந்த காலையில் அது அணைவதற்கு ஐந்து எண்ண வேண்டும். வெயில் நாளில் கண் சிமிட்டுவதற்குள் அணைந்துவிடும். அண்ணிக்கு இரண்டு நாளும் ஒன்றுதான். ஐந்து எண்ணும் நேரத்துக்கு அவர் கண் பின்பக்கத்தில் மேய்கிறது. மரச் சட்டத்தில் சாய்ந்து நிற்கும் கண்ணாடிகள், அவற்றுக்கு அடியில் கட்டை, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ரப்பர்த் துண்டு, கயிற்று முடிச்சு, வாலில் ஆடும் சிவப்புத் துணி. எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தால்தான் சாவி மறுபாதி திரும்பும். பிக்கப் உடம்பை உதறிக்கொண்டு எழும்.

"வெளக்கு அணைஞ்சு ஒரு யுகம் ஆச்சு அண்ணி," என்பான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கொழுந்தன்.

"அது எஞ்சினுக்கு. இது எனக்கு."

கண்ணாடிக் கடை அவர்கள் மூவருடையது. வெட்டுபவர் கணவர். கட்டடங்களில் பொருத்துகிறவன் கணவரின் தம்பி. உடையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் அண்ணி. கொழுந்தன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, தச்சர்கள், பூச்சு வேலைக்காரர்கள், அவரைவிடப் பதினைந்து வயது மூத்த அடுக்குமாடிக் காவலாளி வரை எல்லாருக்கும் அவர் அண்ணி ஆகிவிட்டார். வயது ஐம்பத்து மூன்று. சிறு பிக்கப்புக்கு டீசல் எஞ்சினா, பெட்ரோல் எஞ்சினா என்று யார் எங்கே பேச்சை எடுத்தாலும் நடுவில் புகுந்து டீசல் பக்கம் நின்றதால் பெயருக்கு முன்னால் ஓர் ஒட்டும் சேர்ந்துகொண்டது. டீசல் அண்ணி.

ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்று யாரும் இல்லை. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் சம்பளத்துக்கு இருந்த டிரைவர் ஒரு திங்கட்கிழமை வராமல் போனார். செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. புதன்கிழமை அண்ணி வண்டியில் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு காலி மைதானத்தில் இறங்கினார். ஒரு மாதம் மணல். அடுத்த மாதம் கீறல் விழுந்து கழித்துப்போட்ட கண்ணாடிகள். மூன்றாவது மாதம் உரிமம் வாங்கிக்கொண்டு உண்மையான சரக்கு. பாரத்தோடு பழகியதால், இன்றைக்கும் வெறும் வண்டி அவருக்குப் பிடிபடாது. காலியாகத் திரும்பும்போது ஒரு மணல் மூட்டையாவது பின்னால் கிடக்க வேண்டும். "காலி வண்டி வெறும் வாய் மாதிரி. எதையாவது மெல்லணும்னு துடிக்கும்," என்பார்.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. கண்ணாடி பேசக்கூடாது. பாரம் சரியாக நின்றால் கண்ணாடி ஊமை. ரப்பர் இறுகிப்போனாலோ கயிறு ஒரு விரல் தளர்ந்தாலோ அது மெதுவாக முனகும். எஞ்சின் ஓசைக்கு அடியில் அந்த முனகலை அவர் காது பிடித்துவிடும். உடனே ஓரங்கட்டி இறங்கி, எந்த ஷீட் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்ப்பார். சிக்னலில் நிற்கும்போது டீசல் நடுங்கும், கண்ணாடியும் சேர்ந்து நடுங்கும் என்பது பெட்ரோல்காரர்களின் முதல் குற்றச்சாட்டு. அதற்குப் பதில் தேட அவருக்கு இரண்டு வருடம் ஆனது. பழைய கம்பளியை மூன்றாக மடித்துச் சட்டத்தின் நான்கு கால்களுக்கும் அடியில் கொடுத்தார். இரண்டாக மடித்தால் போதவில்லை. நான்காக மடித்தால் சட்டம் ஆடியது. மூன்று.

டீசலை அவர் ஏன் தூக்கிப் பிடித்தார் என்று தெரிய, ஏதாவது ஓர் அடுக்குமாடியின் நிலத்தடிச் சரிவில் அவர் வண்டி ஏறுவதைப் பார்த்திருக்க வேண்டும். பின்னால் நானூறு கிலோ கண்ணாடி. கிளட்சை எறும்பு ஊர்வதுபோல விடுவார். ஆக்சிலேட்டரில் கால் இருக்காது. செருப்புக் கால் சும்மா பக்கத்தில் கிடக்கும். அந்தக் குட்டி எஞ்சின் தன் அடிமூச்சிலேயே இழுத்துக்கொண்டு, உலுக்கல் இல்லாமல் மேலே வந்துவிடும். "பெட்ரோல உறும வச்சாதான் ஏறும். உறுமினா குலுங்கும். குலுங்கினா கண்ணாடி பேசும். பேசினா நாம ஊமையாகணும்," என்பார்.

கண்ணாடிக்காரியின் வண்டியில் முன் கண்ணாடி ஓரத்தில் ஒரு விரிசல் ஆறு வருடமாக இருக்கிறது. கேலி செய்கிறவர்களுக்கு ஒரே பதில்: "வைத்தியர் வீட்ல யாரும் இருமக்கூடாதா?"

அந்த வண்டிக்குத்தான் இந்த வருடம் முடிவு வந்தது. எஞ்சின் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. ஆனால் பின்பக்கத் தரை மூன்று முறை ஒட்டுப்போட்டும் துருப்பிடித்து, கொழுந்தனின் கால் ஒருநாள் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. புது வண்டி வாங்கியே ஆகவேண்டும். வாங்கினால் இன்னொரு பன்னிரண்டு வருடத்துக்கு அதுதான். கண்ணாடியை வெட்டுவதும் பொருத்துவதும் மழை பெய்தாலும் நடக்கும்; வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றால் மூன்று பேர் கையும் கட்டிப்போட்டதுபோலத்தான். தப்பான வண்டியை வாங்கிவிட்டால் கடை தாங்காது.

கணவர் பெட்ரோல் கட்சி. வெட்டும் மேசையில் குனிந்தபடியே வாதாடுவார். அந்த மேசைக்குத் தேய்ந்த கம்பளத் தோல். அதன் ஒவ்வொரு இழுப்பறையிலும் ஒரு கட்டுப் பிளாஸ்டர்.

"விலையும் கம்மி, சத்தமும் கம்மி. நீ வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கத்திப் பேசுறியே, அது எதனாலன்னு நெனைக்கிற?"

"அது எஞ்சினால இல்லங்க. உங்க காதால."

"அண்ணி, அண்ணன் காது நல்லாத்தான் இருக்கு. உங்க பக்கம் திருப்பினாத்தான் அடைச்சுக்குது," என்று நடுவில் நுழைந்த கொழுந்தன் இரண்டு பக்கத்திலும் வாங்கிக்கட்டிக்கொண்டான்.

அண்ணி ஷோரூமுக்குத் தனியாகவே போனார். டை கட்டிய விற்பனையாளர் புது டீசல் வண்டியைச் சுற்றி வந்து காட்டினார். புகைக்குழாயில் ஒரு ஃபில்டர் இருப்பதாகவும், கரியை அது பிடித்துவைத்துக்கொள்ளும் என்றும் சொன்னார்.

"புடிச்சு வச்சுக்கிட்டா, அப்புறம் அது எங்க போகும்?" என்றார் அண்ணி.

"தானா எரிஞ்சிடும்மா. எஞ்சின் நல்லா சூடாகி, வாரத்துக்கு ஒரு தடவயாவது அரை மணி நேரம் நிக்காம ஓட்டினா போதும்."

"ஓட்டலன்னா?"

"அடைச்சுக்கும். ஆனா அரை மணி நேரம் யாருதாம்மா ஓட்டாம இருப்பாங்க?"

அண்ணி நன்றி சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு வீட்டில் கத்திப் பேசவில்லை. கணவர் இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாளிலிருந்து ஒரு காரியம் தொடங்கியது. அது எதற்கென்று அண்ணிக்கு மட்டும் தெரியும். டிரைவர் பக்கக் கதவின் பையில் ஒரு டப்பா, எதிர்ப்பக்கக் கதவின் பையில் ஒரு காலி டப்பா. டிரைவர் பக்கத்து டப்பா நிறைய ரப்பர்த் துண்டு. வண்டியை நிறுத்தி அணைக்கும்போதெல்லாம் சூடு காட்டும் முள்ளைப் பார்ப்பார். முள் நடுவுக்கு வருவதற்கு முன்பே அணைக்க நேர்ந்தால் ஒரு ரப்பர்த் துண்டு காலி டப்பாவுக்குப் போகும். நடுவைத் தொட்டிருந்தால் போகாது. அரை மணி நேரம் நிற்காமல் ஓடினால் ஒரு பழைய ஸ்குரூ போகும். முப்பது வேலை நாள். கொழுந்தன் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணி ரப்பர் சேக்குறாங்க, செருப்புக் கடை வைக்கப் போறாங்க போல," என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தான்.

முப்பதாம் நாள் சாயங்காலம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது கணவர் தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "யோசிச்சுப் பாத்தேன். டீசலே வாங்கிடுவோம். ஓட்டப்போறது நீ. இருபது வருசமா உனக்குப் புடிச்ச வண்டி."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு சோற்றைப் பிசைந்திருப்பார்கள். கேட்டது கிடைத்துவிட்டது, டப்பாவின் கணக்கு யாருக்கும் தெரியாது. அண்ணி எழுந்துபோய் டப்பாவைக் கொண்டுவந்து, பக்கத்து அறையில் இருந்த வெட்டும் மேசையில் கவிழ்த்தார். ரப்பர்த் துண்டுகள் கம்பளத்தில் குவியலாக விழுந்தன. கூட இரண்டே இரண்டு ஸ்குரூ.

"இங்க வாங்க ரெண்டு பேரும். முன்னூத்தி எண்பத்தாறு. எஞ்சின் சூடாகுறதுக்குள்ள நான் அணைச்சது இத்தன தடவ. அரை மணி நேரம் நிக்காம ஓடினது இந்த ரெண்டு."

கணவருக்குப் புரியவில்லை. அண்ணி விளக்கினார். கண்ணாடித் தொழிற்சாலை ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த காலம் உண்டு. தினமும் மேடேறிப் போய், பாரத்தோடு இறங்கி வரவேண்டும். அந்த ஓட்டத்துக்கு டீசலைப்போல ஒன்று கிடையாது. நான்கு வருடத்துக்கு முன் அதன் கிடங்கு இரண்டு தெரு தள்ளி வந்துவிட்டது. இப்போது வேலையெல்லாம் குளியலறைக் கதவும் ஆளுயரக் கண்ணாடியும்தான். இங்கே அணைத்து, அங்கே போட்டு, மறுபடி அணைத்து, ஒரு நாளைக்குப் பதினான்கு இடம். பழைய எஞ்சினில் ஃபில்டர் இல்லாததால் அது பொறுத்துக்கொண்டது. புதுசு பொறுக்காது.

"ரோடு மாறி நாலு வருசம் ஆச்சு. நான் பழைய ரோட்டுக்கே வாதாடிக்கிட்டு இருந்திருக்கேன்," என்றார்.

ஜெயித்தவர் முகத்தில்தான் ஈயாடவில்லை. "அது... உனக்குப் புடிச்சதுன்னுதான்..." என்று கணவர் இழுத்தார்.

"புடிக்குதுன்னு வண்டி வாங்கக் கூடாதுங்க. போற ரோட்டுக்குத்தான் வாங்கணும்."

கொழுந்தன் அடக்கிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. "அப்ப இனிமே பெட்ரோல் அண்ணியா?"

"நீ அண்ணின்னு மட்டும் கூப்பிடு. அது எந்த வண்டிக்கும் பொருந்தும்."

கணக்கு ஒன்று, சரிவு இன்னொன்று. மறுவாரம் அண்ணி பெட்ரோல் பிக்கப்பை ஓட்டிப் பார்க்கக் கேட்டார், பாரத்தோடு. இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று டை கட்டியவர் தயங்கினார். "கல்யாணத்துக்கு முன்னாடி சிரிச்ச மூஞ்சியத்தான் காட்டுவாங்க தம்பி. நான் சண்டை போட்டுப் பாக்கணும்," என்றார் அண்ணி. கழித்துப்போட்ட கண்ணாடி நானூறு கிலோ ஏறியது. காவலாளி அண்ணன் திறந்துவிட்ட நிலத்தடிச் சரிவில் முதல் தடவை எஞ்சின் நின்றேபோனது. பின்னால் கண்ணாடி நீளமாக முனகியது. டை கட்டியவர் மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இரண்டாம் தடவை உறுமிக்கொண்டு ஏறியது; கண்ணாடி பேசியது. அண்ணி இறங்கி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தார். ஏழாவது தடவை வண்டி ஏறி முடித்தபோது ஒரு சத்தமும் இல்லை.

"ஒண்ணும் இல்ல. டீசல்ல எஞ்சினுக்குப் புத்தி இருந்துச்சு. இதுல கால்ல இருக்கணும்," என்றார். வண்டி அந்த வாரமே வீட்டுக்கு வந்தது.

கட்சி மாறிவிட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். அது தப்பு. யாராவது வந்து எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்டால், அவர் முதலில் கேட்பது தூரத்தை அல்ல, "ஒரு நாளைக்கு எத்தன தடவ ஆஃப் பண்ணுவீங்க?" என்பதைத்தான். காய்கறி மூட்டையோடு மலையேறி இறங்குகிற ஒருவரிடம் டீசல்தான் என்று அடித்துச் சொன்னார். வீட்டுக்கு வீடு தண்ணீர் கேன் போடுகிறவரைப் பெட்ரோலுக்கு விரட்டிவிட்டார்.

பழைய வண்டியை விற்கும்போதும் அதே கேள்விதான். எடைக்கு எடுக்க வந்த பழைய இரும்புக்காரர், "ஆஃபா? ஒரே தடவதான்மா, அதோட சரி," என்று சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. அவரைத் திருப்பி அனுப்பியபின் இரண்டு பேர் வந்து போனார்கள். நான்காவதாக வந்தவர் மர அறுவை மில்காரர். வண்டி அவருக்குத் தேவையில்லை. எஞ்சினைக் கழற்றி ரம்பத்தோடு பூட்டப் போகிறார்.

"எத்தன தடவ ஆஃப் பண்ணுவீங்க?"

"காலைல போட்டா மத்தியானம் சாப்பாட்டுக்கு ஒரு தடவ. அப்புறம் சாயங்காலம்தான். ஏன் கேக்குறீங்க?"

"எடுத்துக்கிட்டுப் போங்க," என்றார் அண்ணி.

உச்சி வெயில். மில்காரர் ஏறி உட்கார்ந்து, சாவியைச் செருகி, ஒரே மூச்சில் திருப்பப் போனார். ஜன்னல் வழியாக உள்ளே நீண்ட இரண்டு விரல்கள் சாவியைப் பாதியில் பிடித்து நிறுத்தின. மஞ்சள் சுருள் எரிந்தது, அந்த வெயிலுக்கு உடனே அணைந்தும் போனது. மில்காரர் அண்ணியின் முகத்தைப் பார்த்தார். அண்ணி அவரைப் பார்க்கவில்லை. பின்னால் காலியாக நின்ற மரச் சட்டத்தையும் கயிற்றையும் சிவப்புத் துணியையும் வரிசையாகப் பார்த்து முடித்தார். பிறகு விரல்களை எடுத்தார்.