மடை மாற்றிய வாய்க்கால்

அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கிணற்றுக்குள் போட்டிருப்பேன். ஆனால் மகளின் பல்கலைக்கழக விண்ணப்பம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. ஸ்கான் செய்த சான்றிதழ்கள் எல்லாம் அந்தச் சனியனுக்குள்தான் கிடந்தன. பொத்தானை அமத்தினால் மீற்றருக்குப் பக்கத்திலிருக்கும் ட்ரிப் சுவிட்ச் டக்கென்று விழும். வீடு முழுக்கக் கரண்ட் போய்விடும்.

"நாசமறுந்தது! எங்கட பிள்ளை படிக்கிறது உனக்குப் பொறுக்கேல்லையோ?" என்று சுவிட்சைப் பார்த்தே ஏசினேன். மொனிட்டரைக் கழற்றினோம், பிரிண்டரைக் கழற்றினோம், வேறு பிளக்கில் செருகினோம். கம்ப்யூட்டர் பெட்டியைப் போட்டால் மட்டும் விழுந்தது.

இடையில் கிணற்று மோட்டர் இரண்டு நாள் பழுது. அந்த இரண்டாம் நாள் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடியது. மோட்டரைத் திருத்தி, நான் உடுப்புத் தோய்த்ததும் திரும்ப விழுந்தது. கிணற்றடித் தண்ணீர் ஓடும் வாய்க்கால், சுவரோரம் நிலத்தில் அடித்திருந்த எர்த் கம்பியை நனைத்துக்கொண்டுதான் வாழைக்குப் போகும். வீட்டுக்கு வயரிங் செய்தவர், அந்த இடம் காயக்கூடாது என்று சொல்லி வெட்டுவித்த வாய்க்கால் அது.

"இஞ்சேருங்கோ, அந்த ஈரம்தான் கரண்டை இழுக்குது. தண்ணியை மறிச்சு விடுங்கோ" என்றேன் கணவரிடம். இவர் தயங்கினார். நான் விடவில்லை. வயலில் மடை மாற்றுகிற மாதிரி மண்வெட்டியால் மாற்றிவிட்டார். இரண்டு நாள் ட்ரிப் விழவேயில்லை. மகள் விண்ணப்ப ஃபோமில் பாதியை நிரப்பிவிட்டாள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மகள் முழுகிவிட்டு ஈரக் காலோடு வந்து பெட்டியில் கை வைத்தாள். அவள் கத்தியதும் சுவிட்ச் விழுந்ததும் ஒன்றாகக் கேட்டன. ஓடிப்போனால் நிலத்தில் குந்தியிருந்து நடுங்கிக்கொண்டிருந்தாள்.

வயரிங்காரர் வந்து பெட்டியின் பவர் சப்ளையைக் கழற்றினார். உள்ளே கருகிய பல்லி ஒன்று.

"இந்தப் பல்லியால ஒழுகிற கரண்ட் எர்த் கம்பியாலதான் நிலத்துக்குப் போகவேணும் அக்கா. நிலத்தைக் காயவிட்டால் தொடுற ஆளுக்குள்ளால போகும். ட்ரிப் விழுந்தபடியாத்தான் பிள்ளை இருக்கிறா. வாய்க்காலை மறிச்சது ஆர்?"

இவர் என்னைப் பார்க்கவேயில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். மண்வெட்டி எடுக்கப் போனவரைத் தள்ளிவிட்டு, நானே குந்தியிருந்து கையால் மடையைப் பிளந்தேன். நகத்துக்குள் மண் ஏறியது.

"அம்மா, நாளைக்கு ஃபோம் முடியுது" என்றாள் மகள், உள்ளேயிருந்து.

"ஃபோம் கிடக்கட்டும்! அந்தப் பெட்டிப் பக்கம் போகாத!" என்று ஊர் கேட்கக் கத்தினேன்.