புது ஷெட்டில் எரிந்த விளக்கு

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீட்டில் பக்கத்துப் போர்ஷன் அண்ணன், வேலை நேரத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். இருவருக்கும் ஒரே கம்பெனி. அவர் புது ஷெட்டில் ஆபரேட்டர், நான் நெட்வொர்க் பார்ப்பவன். அவர் கைக்கெட்டுகிற இடத்தில் எமர்ஜென்சி பட்டன் இருந்தது. அமுக்கினால் பழைய ஷெட்டின் முதலுதவி அறையில் மணி அடிக்கும். அன்று அடிக்கவில்லை. அவர் அமுக்கவே இல்லை என்று மேலே முடிவு கட்டிவிட்டார்கள்.

அதை அவர் மனைவியிடமும் சொல்லித் தொலைத்தார்கள். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிக்கிற தேன்கனிக்கோட்டைக்கார அக்கா. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "பக்கத்துலயே பட்டன் இருந்துதாம். என்னையும் பாப்பாவையும் நெனச்சிருந்தா அமுக்கியிருப்பாரு அந்த மனுசன்" என்று திட்டித் திட்டி அழுதார். எனக்குக் கேட்கப் பொறுக்கவில்லை.

காரியம் முடிந்ததும் நேராக அந்தப் பட்டனிடம் போனேன். அண்ணன் போன பிறகு அவர் மெஷினை யாரும் ஓட்டவில்லை. பட்டனில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் வருவதற்கான விளக்கு என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அமுக்கினால்தான் அது எரியும்; முதலுதவி அறையிலிருந்து பதில் வந்தால்தான் அணையும்.

லேப்டாப்பை மாட்டினேன். பட்டனின் முகவரி 150இல் முடியும், மணியின் முகவரி 20இல். முன்பு இரண்டு ஷெட்டும் ஒரே நெட்வொர்க். எந்த முகவரி எந்த நெட்வொர்க் என்று பிரிக்கிற எண்ணான சப்நெட் மாஸ்க் 255.255.255.0. சமீபத்தில் அதை 255.255.255.128 ஆக்கி, ஒரு தெருவை இரண்டாக வெட்டின மாதிரி பிரித்து, இந்தப் பக்கத்துச் செய்தியை அந்தப் பக்கம் கடத்த நடுவில் ரூட்டர் வைத்தார்கள். முகவரியை மாஸ்க்கோடு பிட் பிட்டாகப் பொருத்தி, இரண்டிலும் 1 இருக்கும் இடத்தில் மட்டும் 1 போட்டால் நெட்வொர்க் முகவரி கிடைக்கும். புது மாஸ்க்கில் மணிக்குக் கடைசி எண் 0, பட்டனுக்கு 128. மாஸ்க் சரியாக இருந்தால், வேறு தெரு என்று தெரிந்து பட்டன் அழைப்பை ரூட்டரிடம் கொடுக்கும். ரூட்டரும் அதே கணக்கைப் போட்டு மணி இருக்கும் பக்கம் அனுப்பும். கான்ட்ராக்ட்காரர்கள் இந்த ஒரு பட்டனில் மட்டும் பழைய மாஸ்க்கை விட்டுப் போயிருந்தார்கள், பாவிகள். அதில் இரண்டுக்குமே 0. மணி தன் தெருவில்தான் இருக்கிறதென்று நம்பி, பட்டன் புது ஷெட்டுக்குள்ளேயே கூப்பிட்டிருக்கிறது. ரூட்டரிடம் போகவே இல்லை.

மேனேஜரைக் கூட்டிவந்து அமுக்கிக் காட்டினேன். மணி அடிக்கவில்லை. மாஸ்க்கை மாற்றி அமுக்கினேன், அடித்தது.

சாயங்காலம் அக்காவிடம் மாஸ்க், ரூட்டர் எதையும் இழுக்கவில்லை. "அண்ணன் அமுக்கியிருக்காருக்கா. மணிதான் அடிக்கல" என்றேன்.

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன், மடையன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"அப்போ, யாராச்சும் வருவாங்கன்னு பாத்துட்டே இருந்திருப்பாரா தம்பி?"